நெல்லில் பூஞ்சணம் வந்த கதை, உங்களுக்கு எப்படி வந்தது?

இரண்டு வருடம் நான் மூடியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இரும்பு டிரம் நிறைய நெல். நாலு மாதம் கழித்துத் திறந்தால் மேலே நாலு விரல் கனத்துக்குக் கட்டி தட்டி, பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம், முக்கல் வாடை. கையை ஆழ விட்டுப் பார்த்தால் அடியில் நெல் சலசலவென்று நன்றாகவே இருந்தது. மேலேதானே கெட்டிருக்கிறது, மூடி வழியாக ஈரம் இறங்கியிருக்கும் என்று அடுத்த முறை மூடியைச் சுற்றி மெழுகு வைத்து அடைத்தேன். அந்த முறை இன்னும் மோசம்.

ஈரம் வெளியிலிருந்து வரவே இல்லை. களத்தில் காய்ந்ததைச் சூடு ஆறும் முன்பே அள்ளிக் கொட்டி மூடியிருக்கிறேன். டிரம் இருந்ததும் வெயில் படும் சுவரோரம். காய்ந்த நெல் என்கிறோமே, 14 சதவீத ஈரப்பதம் என்றால் 100 கிலோவில் 14 கிலோ தண்ணீர்! நடுவில் நெல் சூடாக இருக்க, இரவில் தகரம் குளிர்ந்துவிடுகிறது. சூடான காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு மேலேறி மூடியின் உட்புறத்தில் வியர்க்கிறது. சொட்டியதெல்லாம் நெல்லின் சொந்தத் தண்ணீர்.

இப்போது நிழலில் பரப்பி நன்றாக ஆறிய பிறகே கொட்டுகிறேன். டிரம்மும் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் 13 சதவீதத்துக்குக் கீழே காட்டாமல் மூடுவதில்லை. மீட்டர் வாங்கும் முன் உப்புதான்: ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் நெல்லும் காய்ந்த பொடி உப்பும் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வைப்பேன். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் 15க்குக் கீழே என்பது மட்டும்தான் தெரியும், மாதக்கணக்கில் வைக்க அது போதாது.

கெட்டுப்போனதைப் புடைத்துக் கழுவிச் சாப்பிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. கோழிக்காவது போடலாம் என்றார்கள். இரண்டுக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சில பூஞ்சணங்கள் விடும் அஃப்ளடாக்சின் நச்சு, கழுவினாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. கோழியின் ஈரலையும் கெடுக்கும். வயிறெரியக் குழி வெட்டிப் புதைத்தேன்.

* * *

எங்களுக்குக் கீழேருந்து வந்துச்சு. சிமெண்டுத் தரைதானேன்னு மூட்டையை நேரா அடுக்கி, சுவத்தோட ஒட்டியும் வச்சுட்டோம். அடி வரிசைச் சாக்கு மட்டும் சில்லுன்னு ஈரம். தரை தண்ணியை உறிஞ்சி மேலே ஏத்தும்னு அப்பதான் தெரிஞ்சுது. இப்ப மரக்கட்டை போட்டு, சுவத்தை விட்டு ஆள் நுழையுற அளவு தள்ளித்தான் அடுக்குறோம்.

இன்னொரு தடவை அட்டி (மூட்டை அடுக்கு) நடுவுல ஒரு மூட்டை தொட்டாலே சுட்டுது. பிரிச்சா வண்டு. அதுங்க கூட்டமா மூச்சு விடுறதுலயே சூடும் ஈரமும் சேர்ந்து, பின்னாடியே பூஞ்சணம் பிடிச்சிருக்கு. அதுலேருந்து வாரம் ஒரு தடவை நடு மூட்டைல இரும்புக் கம்பியைச் சொருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவித் தொட்டுப் பாப்பேன். கம்பி சுட்டா அட்டியைப் பிரிச்சிடுவோம்.

* * *

நான் நேர் எதிர். பூஞ்சணத்துக்குப் பயந்து, உச்சி வெயிலில் மெல்லிசாகப் பரப்பி, கிண்டிக்கூட விடாமல் ஒரே மூச்சில் காயவைத்தேன். பூஞ்சணம் வரவில்லை. ஆனால் வேகமாகக் காய்ந்த மணி உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. அரைத்ததில் பாதி குருணை. ஆலைக்காரர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, “இதைக் காயவச்சீங்களா, வறுத்தீங்களா?” என்று கேட்டார்.