கைகழுவலா, கைத்தூய்மையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'ஹேண்ட் ஹைஜீன்' (hand hygiene) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'கைகழுவுதல்' போதும், எல்லோருக்கும் புரிந்த சொல்தானே என்று கேட்டிருந்தீர்கள். புரிந்த சொல்தான். ஆனால் செவிலிய மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது அந்தச் சொல்தான் என்னை இடறுகிறது.

ஆல்கஹால் கரைசலை உள்ளங்கையில் விட்டுக் காயும்வரை தேய்க்கிறோம். தண்ணீர் ஊற்றி அலசுவதே கிடையாது, பிறகு எங்கே கழுவுவது? உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் இதற்கு 20 முதல் 30 விநாடி சொல்கிறது. சோப்பு, தண்ணீர் என்றால் 40 முதல் 60 விநாடி. கையில் அழுக்கோ ரத்தமோ தெரியாதபோது தேய்ப்பதுதான் முதல் தேர்வு. தெரிந்தால் கழுவியே ஆக வேண்டும். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் (பழைய பெயர் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில்) கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது, அங்கேயும் கழுவத்தான் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், எப்போது எது என்ற கேள்வியே மாணவருக்கு எழாது.

அதனால் பொதுச்சொல்லாகக் 'கைத்தூய்மை', அதற்குள் 'கைகழுவல்', 'கைத்தேய்ப்பு' என்று இரண்டு வைக்கலாம். 'கைத்தேய்ப்பு'க்குப் பதிலாகக் 'கைப்பூச்சு' என்றால் காதுக்கு இனிமைதான். ஆனால் பூசினால் போதும் என்று தோன்றிவிடும். கட்டைவிரல், விரல்நுனி, விரலிடுக்கு எதுவும் விடுபடக் கூடாது என்பதைத் 'தேய்ப்பு' நினைவூட்டுகிறது. கையுறை போட்டிருந்தேனே, எதற்குக் கழுவ வேண்டும் என்று கேட்கும் மாணவரிடமும் "கையுறையைக் கழற்றியதும் கைத்தூய்மை" என்று சொல்ல முடிகிறது. 'கை சுகாதாரம்' அச்சில் ஏற்கெனவே இருக்கிறது, தவறென்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் 'சுகாதாரம்' இன்று மிகவும் அகன்ற சொல்.

அப்புறம் 'பயோசேஃப்டி'. இதற்கும் 'பயோசெக்யூரிட்டி'க்கும் 'உயிரியல் பாதுகாப்பு' என்றே எழுதிவருகிறோம். முன்னது, கிருமி தவறுதலாக மனிதரைத் தொற்றாமலும் வெளியே கசியாமலும் காப்பது. ஊசிமுனையை மறுபடி மூடாமல் உடனே கூர்பொருள் பெட்டியில் போடுவதை மாணவர்கள் இதன்கீழ்தான் படிக்கிறார்கள். பின்னது, கிருமியை யாரும் திருடவோ வேண்டுமென்றே பரப்பவோ விடாமல் காப்பது. முன்னதற்கு இருக்கும் சொல்லே இருக்கட்டும். பின்னதற்கு 'உயிரியல் காவல்' சரிவரும் என்று நினைக்கிறேன். காவல் என்றாலே திருட்டை எண்ணித்தானே? ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் இதைப் பற்றிச் சொல்லுங்கள்.