அனுபவமுள்ள முக்குளிப்பாளர் அடிப்படை வகுப்புக்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டுமா?

கடல்காற்று எழுதியது:

மலேசியத் தீவுகளான தியோமான், டாயாங் என்று பல ஆண்டுகளாகக் காற்றுச் சிலிண்டருடன் முக்குளித்து வருகிறேன். மீட்புப் பயிற்சிச் சான்றிதழும் இருக்கிறது. ஜியுஇ என்று சுருக்கமாக அழைக்கப்படும் குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ் அமைப்பின் ‘ஃபண்டமென்டல்ஸ்’ என்ற அடிப்படை வகுப்புக்கு இப்போது பதிவு செய்திருக்கிறேன். அங்கே கற்பிக்கப்படுபவற்றை இங்கேயே பழகிக்கொண்டு போகும்படி சிலரும், எதையும் தொடாமல் போகும்படி சிலரும் சொல்கிறார்கள். உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுங்கள்.

ஆழி எழுதியது:

பழகிக்கொண்டுதான் போக வேண்டும். சில நாள்களுக்குள் முடிந்துவிடும் வகுப்பு அது. உடலைக் கிடைமட்டமாக நிறுத்துவது, தவளை உதை, பின்னோக்கி நகர்வது, வாயில் வைத்து மூச்சுவிடும் ரெகுலேட்டரை மாற்றுவது, துணைவருக்குக் காற்றுக் கொடுப்பது, அடையாள மிதவையை மேலே அனுப்புவது என எல்லாம் அடுத்தடுத்து வரும். ஒன்றைச் செய்யும்போது ஆழமும் உடல்நிலையும் மாறிவிடக் கூடாது என்பதுதான் அதன் கடுமை. முதல் நாள் முழுவதும் கால்களை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு மற்றவற்றைக் கவனிக்க நேரம் ஏது?

சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நாளில், முன்னால் செல்பவர் கால்களை மேலும் கீழுமாக ஒருமுறை அடித்தாலே அடியிலுள்ள சேறு கிளம்பி, பின்னால் வருபவருக்கு அவர் காலில் மாட்டியிருக்கும் துடுப்பின் நுனிகூட மறைந்துவிடும். அந்த உதையை மாற்றிக்கொள்ளப் பயிற்றுநர் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

கரையோரன் எழுதியது:

ஆழி அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. புதிதாக வருபவருக்கு இல்லாத ஒரு சுமை நமக்கு உண்டு. பல ஆண்டுப் பழக்கம் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. கிடையாகத்தான் இருக்கிறோம் என்று நாம் நம்பும்போது முழங்கால்கள் தொங்கிக்கொண்டிருக்கும், கைகள் நம்மை அறியாமலேயே தண்ணீரைத் துழாவிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலேயே புதிய பயிற்சிகளைத் திரும்பத் திரும்பச் செய்தால், தவறு இன்னும் ஆழமாகப் பதியும். குறிப்பாக, 2.1 மீட்டர் நீளக் காற்றுக்குழாயைக் கழுத்தைச் சுற்றி அணிந்து பகிரும் முறையைச் சொல்லித்தர ஆளில்லாமல் கடலில் முயல்வது ஆபத்தானது.

செய்ய வேண்டிய ஆயத்தம் வேறு. முதலாவது, நீரில் இறங்க உடலில் கட்டும் ஈய எடை. நம் படகுகளில் பெரும்பாலும் கிடைப்பவை 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர்கள். அழுத்தம் 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்குவதற்குள் ஏறத்தாழ 2 கிலோ காற்று வெளியேறிவிடும். ஆகவே எடை சரியா என்பதை முக்குளிப்பின் தொடக்கத்தில் பார்த்தால் போதாது. 50 பார் மிச்சமிருக்கும்போது, காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்ய அணியும் மிதப்புப் பையைக் காலியாக்கிவிட்டு, 3 மீட்டர் ஆழத்தில் மேலெழாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அனுபவசாலிகள் பலர் தேவைக்கு மேல் ஈயம் கட்டுகிறார்கள்; அதைச் சமன்செய்யப் பையில் கூடுதல் காற்று நிரப்புகிறார்கள்; ஆழம் சற்று மாறினாலும் அந்தக் காற்று விரிந்து சுருங்கி அவர்களை அலைக்கழிக்கிறது. இது சரியானால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது நீச்சல். அந்த வகுப்பில் 275 மீட்டரை நிற்காமல் 14 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். மூச்சடக்கி நீருக்கடியில் 15 மீட்டர் செல்ல வேண்டும். சிலிண்டரோடு மட்டுமே நீரில் இறங்கிப் பழகியவர்களுக்கு இது எளிதன்று. வீட்டுக்கு அருகிலுள்ள நீச்சல் வளாகத்தில் இன்றே தொடங்கலாம்.

ஆழி எழுதியது:

எடையைப் பற்றி நீங்கள் எழுதியதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நம் தவறு நமக்கே தெரியாது என்பதற்குத் தீர்வு இருக்கிறது: துணைவர் பக்கவாட்டிலிருந்து காணொளி எடுத்தால் முழங்கால் தொங்குவது பளிச்சென்று தெரியும். நீளக் குழாயை விட்டுவிடலாம். உதையையும் உடல்நிலையையும் விட வேண்டியதில்லை.

கரையோரன் எழுதியது:

காணொளி எடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்: அசையாமல் இருக்க முடிகிறதா? ஆழத்தில் அல்ல, 5 மீட்டரில் முயலுங்கள். மேற்பரப்பிலிருந்து 10 மீட்டருக்குள் அழுத்தம் இரட்டிப்பாகி, அதே காற்றின் பருமன் பாதியாகிவிடுகிறது. அதனால் மேல்மட்டத்தில் நிலைத்திருப்பதுதான் கடினம். துணைவரைப் பார்த்தபடி, துடுப்பையும் கையையும் அசைக்காமல், மூச்சை அடக்காமல் சில நிமிடங்கள் அங்கே இருந்து பாருங்கள். அது கைகூடாதவரை உதையைப் பற்றிப் பேசுவதே வீண். உதைத்து உதைத்துத்தான் பலர் தங்கள் மிதப்புக் குறையை மறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடல்காற்று எழுதியது:

இருவருக்கும் நன்றி. நீச்சலையும் எடையையும் உடனே கவனிக்கிறேன். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று தியோமான் பயணங்களைத் தடுத்துவிடும் என்பதால், அதற்குள் ஒருமுறை போய் 5 மீட்டர் சோதனையைக் காணொளியாக எடுத்து இங்கே பதிவேற்றுகிறேன். பின்னோக்கி நகர்வதைக் குளத்தில் பழகுவதால் கேடு வராது என்றே இன்னும் நினைக்கிறேன். அதில் கரையோரன் அவர்களோடு உடன்பட முடியவில்லை.

கரையோரன் எழுதியது:

குளத்தில் என்றால் எதிர்ப்பில்லை. காணொளியில் தலை முதல் துடுப்பு நுனிவரை முழு உடலும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள்.