‘ரன்’ பஞ்சாயத்து: இயக்கா, ஓட்டமா?

ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில் ஆங்கிலத்து ‘ரன்’ (run) என்ற வினைக்கு ‘செயல்படுத்து’ என்று ஒரே சொல்லை வைத்து முடித்துவிடலாம், இதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்று ஐயா எழுதியிருந்தார். ‘ஓடு’ என்பது காலால் ஓடுவது, அதைக் கணினிக்குள் கொண்டுவருவது ஆங்கிலத்தை அப்படியே காப்பியடிப்பது என்றும் சொல்லியிருந்தார். இழுக்க வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். மற்றதில் இல்லை. அதனால் கொஞ்சம் இழுக்கத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தலையில் விழுந்த குட்டைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில், நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் இயந்திரத்தின் தொடுதிரையைத் தமிழில் மாற்றிக் கொடுத்தேன். பச்சைப் பொத்தானில் ‘ரன்’ இருந்த இடத்தில் ‘செயல்படுத்து’ என்று போட்டேன். பொத்தானோ ஆங்கிலத்தின் மூன்று எழுத்துக்கு அளந்து வைத்தது. ‘செயல்படு’ வரைக்கும் தெரிந்தது, மிச்சம் வெட்டுப்பட்டுப் போனது. ராத்திரி ஷிப்டுக்கு வந்த ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு, “என்னங்க தம்பி, ஒழுங்கா செயல்படுன்னு மெஷினுக்குப் புத்தி சொல்றீங்களா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அது சின்னப் பிழை. பெரிய பிழை நிலை காட்டும் திரையில் இருந்தது. மின்சாரம் வந்து, எல்லாம் சரியாக இருந்து, ஆள் பொத்தானை அமுக்கக் காத்திருப்பது ஒரு நிலை. ஸ்பிண்டில், அதாவது நூல் சுற்றும் கதிர், சுற்றி நூல் ஏறிக்கொண்டிருப்பது இன்னொரு நிலை. நான் முதலாவதற்கு ‘இயக்கத்தில்’ என்றும் இரண்டாவதற்கு ‘இயங்குகிறது’ என்றும் போட்டிருந்தேன். எழுதும்போது எனக்கு வித்தியாசம் தெளிவாகத்தான் தெரிந்தது! இயந்திரம் பழுதுபார்க்கும் ஃபிட்டர் வந்து, “இயக்கத்தில்னு காட்டுது, ஸ்பிண்டில் சுத்தலையே” என்று அரை மணி நேரம் சென்சாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு என் தமிழில். மறுநாள் நிலைப் பெயர்களை மாற்றினேன்: தயார், ஓடுகிறது, நிற்கிறது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கூடத்தில் வேலை செய்பவர்கள் வருடக்கணக்காக ‘மெஷின் ஓடுது, மெஷின் நிக்குது’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். நான்தான் அதைக் காதில் வாங்காமல் அகராதியைப் புரட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இந்த ‘ரன்’ ஆங்கிலத்திலேயே சாதாரண ஆள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட வினை ‘செட்’, 430 பொருள். அடுத்த திருத்தத்தில் அதை ‘ரன்’ முந்திவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். இயந்திரங்கள் வந்த பிறகுதான் இந்தச் சொல் இவ்வளவு பெருத்தது. ரயில், கடிகாரம், ஆலை, மோட்டார், கடைசியில் கணினி நிரல் என்று ஒவ்வொன்றாக வந்து இதன் முதுகில் ஏறிக்கொண்டன. 645 பொருளையும் ‘செயல்படுத்து’ என்ற ஒரு சொல்லின் தலையில் ஏற்றுவது பாவம் இல்லையா?

உண்மையில் நம் பேச்சு அதை ஏற்கெனவே பங்குபோட்டு வைத்திருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, சாயம் போகிறது, காய்ச்சல் அடிக்கிறது, கடை நடத்துகிறார், தேர்தலில் நிற்கிறார், பால் தீர்ந்துவிட்டது. ஆங்கிலக்காரர் இத்தனைக்கும் ‘ரன்’னைக் கூப்பிடலாம். நமக்கு அந்த நினைப்பே வருவதில்லை. கணினியிலும் அப்படித்தான். நினைவகம் ‘ரன் அவுட்’ ஆனால் தீர்ந்தது என்போம். பிழையோடு ‘ரன் இன்டு’ ஆனால் பிழை வந்தது என்போம். இவற்றுக்குக் கலைச்சொல்லே வேண்டாம், நம் பட்டியலிலிருந்து தூக்கிவிடலாம்.

மிச்சம் இருப்பது நிரலை ‘ரன்’ செய்வது. அங்கேதான் ‘ஓடு’ என்பதற்குக் கால் வேண்டும் என்ற ஐயாவின் தடை வருகிறது. ஐயா, ஆற்றுக்கு ஏது கால்? பாம்புக்கு ஏது? ஆனாலும் ஆறு ஓடுகிறது, பாம்பு ஓடுகிறது. கடிகாரம், மின்விசிறி, பஸ், விசைத்தறி எல்லாம் ஓடுகின்றன. படம் நூறு நாள் ஓடுகிறது. எப்படி இருக்கீங்க என்றால் ‘ஏதோ ஓடுது’ என்கிறோம். மனதில் ஒரு பாட்டு காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. இவை எதுவும் கணினிக்காக நாம் இரவல் வாங்கியவை அல்ல. ஆங்கிலமும் தமிழும் ஒரே உருவகத்தைத் தனித்தனியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தால், நாம் மட்டும் வெட்கப்பட்டு அதைக் கைவிட வேண்டுமா?

பேச்சு வழக்கு கலைச்சொல் ஆகாது என்பதும் சரியில்லை. மின்னோட்டம், இரத்த ஓட்டம், நீரோட்டம் எல்லாம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. இலங்கை நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் ‘ஓட்டங்கள்’ என்றுதான் போடுகிறார்கள். நம் சென்னைப் பத்திரிகைகள்தான் ‘ரன்கள்’ என்று எழுதிவிட்டுப் போகின்றன. யாழ்ப்பாணத்து அண்ணர் போன மடலில் எழுதியதும் நினைவிருக்கும்: அங்கே கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்க மாட்டார்கள், ‘கார் ஓடத் தெரியுமோ’ என்பார்கள். ஓட்டுகிறவருக்கும் ‘ஓடு’, ஓடுகிற வண்டிக்கும் ‘ஓடு’. கிட்டத்தட்ட ஆங்கிலத்து ‘ரன்’ போலவே.

ஒரு வாக்கியத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டரில், நினைவகத்துக்குள்ளேயே நிரலை வைத்துக்கொண்ட முதல் கணினி ஒரு பெரிய எண்ணின் வகுத்தியைத் தேடி விடை கண்டது. அந்த நிரல் 52 நிமிடம் ஓடியது. இப்போது இதையே ‘52 நிமிடம் செயல்படுத்தப்பட்டது’ என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ அரசுத் திட்டம் போல இருக்கிறது.

சரி, அப்படியானால் பொத்தானில் ‘ஓட்டு’ என்று போட்டுவிடலாமே என்று சின்னவர் ஒருவர் கேட்டிருந்தார். ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை, இலக்கணப்படி கச்சிதம். நானும் அந்த ஆசையில்தான் இருந்தேன், திரையில் போட்டுப் பார்க்கும் வரை. தொகுப்புப் பட்டியலில் (எடிட் மெனுவில்) வெட்டு, நகலெடு, ஒட்டு என்று ஏற்கெனவே மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள். பக்கத்துப் பட்டியலில் ‘ஓட்டு’ வந்து நின்றால், இரண்டுக்கும் வித்தியாசம் கீழே ஒரு சுழி மட்டும். சின்ன எழுத்துருவில், அதிலும் பழைய மானிட்டரில், அந்தச் சுழி கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வீரமாமுனிவர் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டச் சிரமப்பட்டதாகச் சொல்வார்கள். அவர் உழைப்பை எட்டுப் புள்ளி அளவுள்ள எழுத்துருவில் நாம் வீணாக்கிவிடுவோம். கருத்துக்கணிப்புச் செயலியில் இன்னும் வேடிக்கை: ‘ஓட்டு’ என்றால் நிரலை ஓட்டுவதா, ஓட்டுப் போடுவதா? அதனால் பொத்தானுக்கு ‘ஓட்டு’ வேண்டாம். மனமில்லாமல்தான் விட்டுக்கொடுக்கிறேன்.

பொத்தானுக்கு ‘இயக்கு’ இருக்கட்டும். நான்கே எழுத்து, இடத்துக்குள் அடங்கும், பழகிய சொல். ‘இயக்கவும்’ என்று மரியாதை சேர்க்க வேண்டுமா என்ற பழைய சண்டையை இங்கே திறக்க வேண்டாம். கட்டளை போவது கணினிக்கு, அதற்கு மரியாதை குறைந்தால் கோபம் வராது. கெமெனியும் கர்ட்ஸும் 1964இல் டார்ட்மத் கல்லூரியில் பேசிக் என்ற நிரல்மொழியைக் கொண்டுவந்தபோது, மாணவர் நிரலை அடித்துவிட்டுக் கடைசியில் ‘ரன்’ என்று ஒரே சொல்லை அடிப்பார். எதை ஓட்ட வேண்டும் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் பையனிடம் சொல்வது மாதிரி.

ஆனால் ‘இயக்கு’ பொத்தானோடு நிற்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அமுக்கிய பிறகு வரும் நிலை ‘ஓடுகிறது’. அந்த ஒரு தடவை ஓடியதற்குப் பெயர் ‘ஓட்டம்’. சோதனைப் பட்டியலில் ‘ரன் 1, ரன் 2’ என்று வரும் இடத்தில் ‘ஓட்டம் 1, ஓட்டம் 2’. ‘இயக்கம் 1, இயக்கம் 2’ என்று போட்டால் தமிழ்நாட்டில் அதற்கு அரசியல் அர்த்தம் வந்துவிடும், இலங்கையில் சொல்லவே வேண்டாம். ‘எக்ஸிக்யூட்’ தனியாக வந்தால் ‘நிறைவேற்று’. தூக்குத் தண்டனை ஞாபகம் வருகிறது என்று யாராவது சொன்னால், ஆங்கிலத்திலும் அதே கதைதான்.

ஒரு வினைக்கு மூன்று சொல்லா என்று ஐயா கேட்பார். தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறார்: வினையால் பொருள் வேறுபடுவது, வேறுபடாதது. முதல் வகைக்கு ‘மா’வை எடுத்துக்கொள்ளலாம். மா பூத்தது என்றால் மரம், மா ஓடிற்று என்றால் குதிரை. அங்கே பெயர் குழப்புகிறது, வினை வந்து தெளிவாக்குகிறது. நமக்கு நேர்ந்திருப்பது இதற்கு நேர்மாறு. குழப்புவது வினை, தெளிவாக்க வேண்டியது பெயர். அந்தப் பெயரோ கையில் இல்லை. மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்தால் ‘ரன்’ என்று மொட்டையாக ஒரு வரி கிடக்கும். பொத்தானா, தலைப்பா, எண்ணிக்கையா, ஒன்றும் தெரியாது. ஆங்கிலத்தில் பெயருக்கும் ஏவலுக்கும் ஒரே உருவம் என்பதால் எழுதியவருக்குக் கவலை இல்லை. நமக்கு ஓட்டமா, இயக்கா என்று அங்கேயே முடிவெடுத்தாக வேண்டும். மென்பொருள் மொழிபெயர்ப்புக்குப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் கோப்புகளில் ஒவ்வொரு வரிக்கும் சூழல் குறிப்பு சேர்க்க வசதி இருக்கிறது. நிரல் எழுதுகிறவர்களை நச்சரித்து அதைப் போட வைப்பது, நாம் பத்துச் சொல் புதிதாக உருவாக்குவதைவிட நல்ல வேலை.

‘ரன்டைம்’ பற்றி இரண்டு வரி. அதில் இரண்டு ஆள் ஒளிந்திருக்கிறார்கள். நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும்போது (கம்பைல்) இல்லாமல், ஓடும்போது வரும் பிழைக்கு ‘ஓட்டநேரப் பிழை’ சரியாக வரும். ஜாவா மொழி நிரல்களுக்காக நிறுவ வேண்டிய ‘ரன்டைம்’ நேரமே இல்லை, நிரல் ஓடுவதற்கான ஏற்பாடு. அதற்கு ‘இயங்குசூழல்’. இரண்டையும் ‘இயக்கநேரம்’ என்று எழுதி, ‘இயக்கநேரத்தை நிறுவவும்’ என்று ஒரு செய்தியை நானே ஒரு காலத்தில் அனுப்பியிருக்கிறேன். நேரத்தை எங்கே போய் நிறுவுவது?

‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதற்கு ‘நிர்வாகியாக இயக்கு’ என்று எழுதுவதும் உறுத்துகிறது. யார் நிர்வாகியாக, நானா, நிரலா? ‘தலைவராகப் பேசு’ என்றால் தலைவர் ஆவது பேசுகிறவர்தான். இங்கே உண்மையில் நடப்பது நிரலுக்குக் கூடுதல் உரிமை கொடுப்பது. ‘நிர்வாகி உரிமையுடன் இயக்கு’ என்று எழுதினால் நீளம் கூடும், ஆனால் பொய் இருக்காது.

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்தது: ‘டிரை ரன்’. கோப்புகளை அழிக்கும் கட்டளையோடு இதைச் சேர்த்தால், எதையும் அழிக்காமல், என்னென்ன அழியும் என்று மட்டும் காட்டும். ‘உலர் ஓட்டம்’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன், உலர் திராட்சைதான் ஞாபகம் வந்தது. ‘ஒத்திகை’ மோசமில்லை, ஆனால் அதில் மேடை வாசம் அடிக்கிறது. நம்மிடம் ‘வெள்ளோட்டம்’ இருக்கிறதே! புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் சாமியை ஏற்றாமல் வெறும் தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் எங்கே உரசுகிறது, எந்த முனையில் திரும்ப மாட்டேன் என்கிறது என்று தெரிந்துவிடும். சாமி ஏறவில்லை என்பதுதான் முக்கியம். நம் கட்டளையிலும் தரவு மேல் கை படவில்லை. ஒரே இடறல், தேர் வெள்ளோட்டத்தில் நிஜமாகவே நகர்கிறது, கட்டளையோ எதையும் நகர்த்துவதில்லை. அதற்காக இந்தச் சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்து அண்ணருக்கு ஒரு கேள்வி. உங்கள் ஊர்க் கோயில்களிலும் இதை வெள்ளோட்டம் என்றுதான் சொல்வீர்களா, இல்லை வேறு சொல் இருக்கிறதா? கேட்டுச் சொல்லுங்கள், அதுவரை அந்த ஒரு வரியை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.