காஞ்சு கெடக்குற வைகைல இருந்தும் கார்பன் டை ஆக்சைடு வருமா?

தேவிபட்டினம் வாத்தியார்
ஆத்துத் தண்ணில இருந்து காத்துக்கு கார்பன் டை ஆக்சைடு போகுதுன்னு ஒரு செய்தில படிச்சேன். சாக்கடை கலக்குறதாலயா, இல்ல நல்ல ஆத்துலயும் இப்படித்தானா? நம்ம வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் வந்து சேர்றதே பெரிய விஷயம், மத்த நாள்ல மணலும் சீமைக்கருவேலமுமாத்தான் கெடக்கு, அப்ப இந்தக் கணக்குல அதுக்குப் பங்கே இல்லையா? பிள்ளைங்க கேக்குறாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தொண்டி பொண்ணு
சார், நல்ல ஆத்துலயும் வரும். மண்ணுக்குள்ள வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடுதுல்ல, அந்த வாயு நிலத்தடித் தண்ணில கரைஞ்சு ஓடைக்கு வந்துரும், வெளிக்காத்துல இருக்குறத விட தண்ணில பல மடங்கு ஜாஸ்தியா இருக்கும், சோடா பாட்டில தெறந்த மாதிரி வெளிய கிளம்பிரும். வருசநாட்டு மலைல பாறைல மோதி விழுந்து வர்ற சின்ன ஓடை மாதிரி எடத்துல இது இன்னும் வேகமா நடக்கும். இலைதழை தண்ணில மக்குறதும் சேரும். சாக்கடை கலந்தா இதெல்லாம் கூடும், ஆனா ஆரம்பமே அது இல்ல. 2013ல வந்த ஒரு உலகக் கணக்குப்படி ஆறு ஓடைல இருந்து மட்டும் வருசத்துக்கு சுமார் 180 கோடி டன் கார்பன் காத்துக்குப் போகுது.

கண்மாய்க்கரை விவசாயி
காஞ்ச ஆத்துக்கும் பங்கு இருக்கு வாத்தியாரே. தண்ணி நிக்கிறப்ப அடி வண்டல்ல ஆக்சிஜன் கொறைவு, அதனால மக்குறது மெதுவா நடக்கும், தண்ணி வத்தி வெடிப்பு விட்டதும் காத்து உள்ள போயி நுண்ணுயிர் வேகமாயிரும். ஈரம் இருக்குற வண்டல்லதான் ரொம்ப வரும், நல்லா சுண்டிப் போன மணல்ல கம்மி. ஐப்பசில மொத மழை விழுந்ததும் திடீர்னு ஒரு தடவ கூடும். ரொம்ப நாளா உலகக் கணக்குல இந்த காஞ்ச எடத்தையெல்லாம் விட்டே வச்சிருந்தாங்க, எனக்கு அதுல வருத்தம்தான், நம்மள மாதிரி வானம் பாத்த ஊருக்கு அதானே ஆறு.

தேவிபட்டினம் வாத்தியார்
ரெண்டு பேருக்கும் நன்றி. ஆறே இவ்வளவு விடுதுன்னா மில்லு புகையப் பத்தி ஏன் பேசணும்னு ஒரு பையன் கேட்டான், என்ன சொல்ல?

தொண்டி பொண்ணு
நல்ல கேள்வி சார். நிலக்கரி, பெட்ரோல் எரிக்கிறதுல வருசத்துக்கு 1000 கோடி டன் கார்பன் கிட்ட வருது, அது முழுசும் பூமிக்குள்ள பத்திரமா கெடந்தது. ஆத்துல வர்றது செடிகொடி இப்பத்தான் இழுத்து திருப்பி விட்டதுன்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தாங்க. 2025ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு பாதிக்கு மேல ஆயிரக்கணக்கான வருசம் பழைய மண்ணு, பாறைல இருந்து வர்றதுன்னு காட்டுச்சு. அந்தப் பழைய கார்பனும் சேர்ந்து வந்தும் காத்துல அதுக்கேத்த மாதிரி கூடலைன்னா, இன்னைக்கு இருக்குற மரஞ்செடி நாம நெனச்சத விட அதிகமா இழுத்து ஈடு கட்டுதுன்னு அர்த்தம், அத வெட்டித் தள்ளுனா கணக்கு மோசமாத்தான் போகும்.

பிள்ளைங்கள காரங்காடு அலையாத்திக்காட்டுக்கு கூட்டிட்டுப் போங்க சார். அங்க சேத்துக்குள்ள ஆக்சிஜன் இல்லாததால இலைதழை சீக்கிரம் மக்காம கார்பன் அடில தங்கிரும், பாக் நீரிணைல கடல்புல்லுக்கு அடிலயும் அப்படித்தான். படகுல போனா ரெண்டையும் காட்டிரலாம்.