மாஸ்ட் ரேக், வெதர் ஹெல்ம்: என் பரிந்துரை

அன்பர்களுக்கு வணக்கம். பாய்மரப் படகோட்டும் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் மாஸ்ட் ரேக் (mast rake), வெதர் ஹெல்ம் (weather helm) இரண்டுக்கும் என் பரிந்துரை இது.

வெதர் ஹெல்முக்கு 'வானிலைச் சுக்கான்' என்று இங்கே ஒரு சொல் வந்திருக்கிறது. அதை நாம் ஏற்கவே கூடாது. கடலோடிகள் பேச்சில் வெதர் என்பது மழையோ வெயிலோ அல்ல; காற்று வந்து மோதும் பக்கம். சுக்கான் பிடியை விட்டதும் படகு தானே காற்றைப் பார்த்துத் திரும்புகிறதே, அந்தக் குணத்துக்குத்தான் இந்தப் பெயர். குணம் படகினுடையது, சுக்கான் பிடித்தவர் கையில் அது இழுப்பாகத் தெரிகிறது. எனவே 'காற்றுநாட்டம்' என்கிறேன். எதிர்க்குணமான லீ ஹெல்மைக் 'காற்றுவிலக்கம்' எனலாம்.

சரி, ரேக். பாய்மரம் முன்னாலோ பின்னாலோ சாய்ந்து நிற்கும் கோணம் அது. பலரும் 'சாய்வு' போதும் என்கிறீர்கள். என் தயக்கம் இதுதான்: படகு பக்கவாட்டில் சாய்வதையும், அதாவது ஹீலையும், சாய்வு என்றுதான் சொல்கிறோம். படகு காற்றுக்கு மறுபக்கம் சாய்ந்தாலும் காற்றுநாட்டம் கூடும். பாய்மரம் பின்னால் சாய்ந்திருந்தாலும் கூடும். "சாய்வைக் குறை" என்றால் பழகுகிறவர் என்ன செய்வார்? உடம்பை வெளியே தள்ளிப் படகை நிமிர்த்துவதா, கரைக்கு வந்து, பாய்மரத்தை முன்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் முன்கம்பியைக் குறுக்குவதா?

டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சென்னை நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியல் என்ற ஒற்றையாள் படகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாய்மரம் கம்பிகளே இல்லாமல் ஒரு குழிக்குள் நிற்கும். அதன் கோணத்தை மாற்ற வழி கிடையாது. இந்த இரண்டில் அங்கே ஓட்டுபவர் கையில் இருப்பது படகின் சாய்வு மட்டுமே. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆகவே ஹீலுக்குச் சாய்வு இருக்கட்டும். ரேக்குக்குச் 'சாய்மானம்'. ஈசிசேரில் எந்தப் பள்ளத்தில் கட்டையை மாட்டுகிறோமோ அந்தச் சாய்மானம் அப்படியே நிற்கும் அல்லவா? ரேக்கும் அப்படி அமைத்துவிட்டு விடுகிற ஒன்றுதான். முன்கம்பியை நீட்டிச் சாய்மானத்தைக் கூட்டினால் பாயின் விசைமையம், அதாவது காற்றின் தள்ளல் குவியும் புள்ளி, பின்னுக்கு நகரும். படகு பக்கவாட்டில் நழுவாமல் நீருக்கடியில் இறக்கிய பலகை தரும் பக்கத்தடையின் மையம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்பதால் படகின் மூக்கு காற்றுப் பக்கம் திரும்பும். 6 மீட்டர் பாய்மரத்தில் 1 டிகிரி மாற்றினாலே உச்சி சுமார் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதனால்தான் உச்சிக்கு அளவுநாடாவை ஏற்றிப் படகின் பின்விளிம்புவரை அளக்கிறார்கள். காற்றுநாட்டத்தை முழுக்க ஒழிப்பது நோக்கமல்ல. காற்றை எதிர்த்து ஏறும்போது படகை நேராக வைக்கச் சுக்கானை 3 முதல் 5 டிகிரி வரை திருப்பிப் பிடிக்கவேண்டிய அளவுக்கு அது இருப்பது நல்லது என்பார்கள்.

வின்ட்சர்ஃபிங் பலகையில் சுக்கானே கிடையாது. பாய்மரத்தைப் பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும், முன்னால் சாய்த்தால் விலகும். சாய்மானம், காற்றுநாட்டம் என்ற இரண்டு சொற்களையும் புரியவைக்க அதையே உதாரணமாகப் போடலாம்.

பாய்மரத்துக்குச் சங்கச் சொல்லான 'கூம்பு' வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பள்ளிக் கணக்கில் அது வேறு பொருளில் ஊன்றிவிட்டது.

'முன்கம்பி' மட்டும் எனக்கு நிறைவாக இல்லை. பாய்போட்ட வள்ளத்தில் போனவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பாய்மரத்தை முன்னால் இழுத்துக் கட்டும் கயிற்றை என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.