நாச் ஃபார்ம் போட்டாச்சு, மீதி 19 பின்தேதி செக்குகளை எப்போது திரும்பக் கேட்பது?

கேள்வி:
நிதி நிறுவனத்தில் வாங்கிய கார் கடன். வட்டி மாறாதது. இஎம்ஐ ரூ. 14,350, மாதம் 5-ஆம் தேதி. பின்தேதி செக் இன்னும் 19 அவர்கள் கையில் இருக்கிறது. இனி செக் வேண்டாம், நாச் ஃபார்ம் (தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள நாம் தரும் அனுமதி) கொடுங்கள் என்கிறார்கள். முதல் ஃபார்ம் "கையெழுத்து பொருந்தவில்லை" என்று திரும்பிவிட்டது. இப்போது ஏஜென்ட் தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் போடச் சொல்கிறார். போடலாமா? ஒரே மாதம் செக்கும் நாச்சும் சேர்ந்து போய்விட்டால் என்ன செய்வது?

பதில் 1:
காலி ஃபார்மில் தயவுசெய்து போடாதீர்கள். அந்தக் கட்டத்தில் எழுதும் தொகைதான் உங்கள் கணக்கிலிருந்து ஒரு தடவைக்கு எடுக்கக்கூடிய உச்சம். வட்டி மாறும் வீட்டுக் கடன் என்றால் இஎம்ஐ ஏறலாம், கொஞ்சம் கூட்டி எழுதலாம். உங்களுக்கு 14,350 போதும். எண்ணிலும் எழுத்திலும் நீங்களே எழுதுங்கள். கடைசித் தவணைத் தேதியை முடிவுத் தேதியாகப் போடுங்கள். மேலே 'கிரியேட்' கட்டத்தில் மட்டும் டிக். அடித்துத் திருத்தினால் அதற்கே திரும்பும், புது ஃபார்ம் வாங்கி எழுதுங்கள்.

கையெழுத்து, கணக்குத் தொடங்கியபோது வங்கியில் கொடுத்த மாதிரியே இருக்க வேண்டும். மாறியிருந்தால் முதலில் கிளையில் புதுப்பியுங்கள். கூட்டுக் கணக்கில் 'ஜாயிண்ட்லி' என்றிருந்தால் எல்லோரும் போட வேண்டும். தனிக் கணக்காக இருந்தால் ஃபார்மையே விட்டுவிட்டு நெட் பேங்கிங் அல்லது டெபிட் கார்டு வழி இ-மேண்டேட் (அதே அனுமதியை ஆன்லைனில் தருவது) கேளுங்கள். கையெழுத்துச் சிக்கலே வராது.

ஐஎஃப்எஸ்சி-யையும் (வங்கிக் கிளையின் குறியீடு) பாருங்கள். 2020-இல் இந்தியன் வங்கியோடு இணைந்த அலகாபாத் வங்கி போன்றவற்றின் பழைய செக் தாளில் பழைய குறியீடுதான் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து எழுதக் கூடாது.

கேட்டவர்:
நன்றி. சரி, செக்குகள்?

பதில் 2:
ஃபார்ம் கொடுத்ததாலேயே நாச் பதிவாகிவிடாது. உங்கள் வங்கி ஏற்ற பிறகு 20 எழுத்துகள் கொண்ட யுஎம்ஆர்என் (உங்கள் மேண்டேட்டின், அதாவது அந்த அனுமதியின், தனி எண்) வரும். அது வரும்வரை செக்தான் ஓடும், நிறுத்தாதீர்கள். வந்ததும் 19 செக் எண்களையும் வரிசையாக எழுதி, "எந்த மாதத் தவணையிலிருந்து நாச்?" என்று கடிதம் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். செக்குகளைக் கையில் வாங்கும்போது எண்களைச் சரிபாருங்கள். அழித்துவிட்டோம் என்றால் எண்கள் குறிப்பிட்ட கடிதம் வேண்டும், வாய்வார்த்தை செல்லாது.

மாற்றம் நடக்கும் அந்த ஒரு மாதம் 4-ஆம் தேதி இரவுக்குள் இரண்டு தவணைப் பணம் கணக்கில் இருந்தால் நல்லது. இரண்டும் போய்விட்டால் ஒன்றைத் திரும்பக் கேட்கலாம். பணம் போதாமல் ஒன்று திரும்பினால் உங்கள் வங்கியும் கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்தவரும் பிடிப்பார்.

பதில் 3:
ஸ்டாப் பேமெண்ட் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். பாக்கி இருக்கும்போது செக்கை நிறுத்தினாலும் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் (செக் திரும்புவது பற்றியது) வழக்கு வரலாம். மேலே சொன்ன கடிதத்துக்கு எழுத்தில் பதில் வந்து, செக்கைத் தர இழுத்தடித்தால் மட்டும் அந்த எண்களுக்குக் கொடுங்கள். நாச் திரும்பினால் வழக்கு இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2007 பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25-ஆவது பிரிவிலும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் கட்டிவிட்டால் அந்த நிலை வராது.

கடன் முடிந்ததும் என்ஓசி-யோடு (பாக்கி இல்லை என்ற சான்று) சேர்த்து மேண்டேட்டை ரத்து செய்யவும் எழுதிக் கொடுங்கள், அதற்கும் யுஎம்ஆர்என் எண்தான் கேட்பார்கள்.