மறு: ‘தண்டவாளத் தழும்பு’க்குப் பதில் ‘தையல்தடம்’

வணக்கம். மூக்கு அறுவைச் சொற்களைத் தமிழாக்குவது பற்றி வந்த கேள்வி இது:

> தையல் போட்ட இடத்தில் குறுக்கே விழும் கோடுகளைத் ‘தண்டவாளத் தழும்பு’ எனலாமா?

படம் கண்ணில் வருகிறது, சரி. ஆனால் குறுக்கே கிடப்பது தண்டவாளம் இல்லையே, அதன் அடியிலுள்ள கட்டைதானே! அது போகட்டும். எனக்கு உறுத்துவது ‘தழும்பு’தான். கத்தி கீறியதால் வருவது தழும்பு, நூலால் வருவது தடம். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதால்தான் மூக்கு அறுவைக்கு வருகிறவர்கள் “எந்த நூல் போட்டால் தழும்பு வராது?” என்று கேட்கிறார்கள். எந்த நூல் போட்டாலும் தழும்பு வரும்.

திறந்த முறை மூக்கு அறுவையில் இரு மூக்குத் துளைகளுக்கும் நடுவிலுள்ள நாசித்தூணில் கவிழ்த்த ஆங்கில ‘V’ போலவோ படிக்கட்டு போலவோ கீறுகிறார்கள். நேர்கோடாக இருந்தால் தழும்பு சுருங்கும்போது பள்ளம் விழும் என்பதால் இந்த ஏற்பாடு. விளிம்புகள் மட்டமாகச் சேர்ந்தனவா என்பதும் முக்கியம். இதிலெல்லாம் நூலின் பங்கு குறைவு.

தடம் வேறு கதை. 6-0 என்ற அளவுள்ள நைலான் தையல்நூல் 0.1 மி.மீ.க்கும் மெல்லிய ஒற்றை இழை. திசு அதை அதிகம் எதிர்க்காது. ஐந்து முதல் ஏழு நாளுக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் அடையாளம் இருக்காது. அதற்கு மேல் விட்டால் ஊசி போன வழியே மேல்தோல் உள்ளே வளர்ந்து இறங்கி, புள்ளியாக நின்றுவிடும். இறுக்கி முடிச்சுப் போட்டாலும் கோடு விழும். விரைவில் கரையும் கேட்கட் நூல் ஒரு வாரத்திலேயே வலுவிழப்பதால் பிரிக்கும் வேலை இல்லை. வீங்கிய மூக்கில் கத்தரி படுவதை யார்தான் விரும்புவார்கள்? ஆனால் விலங்கின் குடலிலிருந்து எடுத்தது என்பதால் உடல் அதை நொதிகளால் சிதைக்கிறது, கொஞ்சம் சிவக்கலாம்.

அப்புறம், இப்படித் தானாகக் கரைவதற்கு ‘உட்கிரகிக்கப்படும் தையல்’ என்ற சொல் வேண்டாமே. ‘கரையும் தையல்’ ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது. கேட்கட்டைச் சொல்லும்போது அதன் முன்னால் ‘விரைவில்’ சேர்ப்பதுதான் அவசியம். ஏனென்றால் பாலிடையாக்சனோன் என்ற செயற்கை நூலும் கரையும் நூல்தான், முழுக்க மறைய ஆறு மாதமாவது ஆகும்.

புணர்ச்சி விதிப்படி ‘தையற்றடம்’ என்று யாராவது திருத்துவீர்கள், தெரியும். அறுவைக்கு முன் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் அதைப் படிப்பவர் ‘தையல் அற்ற தடம்’ என்று புரிந்துகொள்வார். எனவே ‘தையல்தடம்’ என்றே விட்டுவிடலாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.